விருந்தாளிகளின் பேட்டரி

சூரிய மின்சாரம் வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் என்னென்ன ஓட வேண்டும், எத்தனை மணி நேரம்? இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்ன மேய்ச்சல்காரன் எங்கள் கோபி பாலைவன ஓரத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆடு எத்தனை என்றால் "ஏதோ கொஞ்சம்" என்பார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றால் "நல்லா இருக்கோம்" என்பார்கள். ஓநாய் வந்து பட்டியில் பாதியைக் கிழித்துப் போட்ட மறுநாள் போய்க் கேட்டாலும் முதல் பதில் "நல்லா இருக்கோம்"தான். மூன்றாவது கிண்ணம் தேநீருக்குப் பிறகுதான் ஓநாய் பேச்சில் வரும். எனக்கோ முதல் கிண்ணத்திலேயே பொறுமை தீர்ந்துவிடும். நம்ஜில் கடைக்குப் போனால் பேனலும் கிடைக்கும், திட்டும் கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும், திட்டுக்கு நான் தனியாக எதுவும் வாங்குவதில்லை.

பல்தனும் ஹோர்லோவும் என் கடைக்கு வந்தது இலையுதிர்காலக் கிடையைக் கலைக்கும் சமயத்தில். பல்தனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஹோர்லோ அவர் மனைவி. உடம்பு அவரில் பாதி, வாய் இரண்டு மடங்கு. அவள்தான் பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியையும் குழாயையும் மூக்குக் கவசத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது என்ன?" என்றேன்.

"மூச்சு மெஷின். இவர் தூங்கும்போது மூச்சை நிறுத்திடறார்."

"நான் எங்க நிறுத்தறேன், அதுவா நிக்குது" என்றார் பல்தன்.

"கேட்டியா நம்ஜில்? முப்பது வருஷமா இவர் குறட்டையில நான் தூங்கினதில்ல. இப்ப குறட்டை நின்னா எனக்குத் தூக்கிவாரிப் போடுது. எழுந்து விலாவுல ஒரு குத்து விட்டா, லொக்குன்னு மறுபடி மூச்சு வரும். மறுபடி குறட்டை. மறுபடி நிக்கும். பகலெல்லாம் இவருக்குத் தூக்கம் தூக்கமா வரும். போன மாசம் மோட்டார் சைக்கிள்ல போறப்பவே தூங்கி ஓடைக்குள்ள இறங்கிட்டார்."

"ஓடையில தண்ணி இல்ல" என்றார் பல்தன், அது ஏதோ பெரிய ஆறுதல் மாதிரி.

மாகாண ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். இந்த மெஷின் ராத்திரி முழுக்க ஓட வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது, இல்லாவிட்டால் இதயம் தாங்காது. கிடையில் மின்சாரம் கிடையாது என்றால் மின்சாரம் இருக்கிற ஊருக்குக் குடிவந்துவிட வேண்டியதுதான்.

ஊருக்கு வருவதென்றால் மந்தையை விட்டுவிட்டு வருவது. ஹோர்லோவின் தம்பி சுல்தெம் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். பல்தனுக்கு ஊரில் பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் காவல் வேலைகூடப் பார்த்து வைத்துவிட்டான்.

"கரி மூட்டைக்குக் காவல் இருக்கச் சொல்றான்" என்றார் பல்தன். "அது எங்கயும் மேயப் போகாதே, நம்ஜில். நான் எதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது?"

சொல்லிவிட்டுச் சட்டென்று மூக்குப்பொடி சீசாவை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பேச்சை மாற்ற வேண்டுமென்றால் அவருக்கு அந்தச் சீசாதான். ஆனால் அவர் கண்ணைப் பார்த்தபோது எனக்கு விளங்கிவிட்டது. இந்த மனுஷனை ஊருக்குக் கொண்டுவந்தால் மூச்சு நிற்காது, மற்றதெல்லாம் நின்றுவிடும்.

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதன்மேல் கணக்குப் போட்டேன். மெஷின் முப்பது வாட், ஒன்பது மணி நேரம். அதில் காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிடச் சொன்னேன், அது ஓடினால் இரண்டு மடங்கு தின்னும். மூன்று பல்பு. சின்ன டிவி.

"போன்?"

"ரெண்டு" என்றார்.

"வேற?"

"வேற என்ன, நாங்க ரெண்டே பேருதானே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. இப்ப விட்டுட்டு அப்புறம் வந்து நின்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"நல்லா யோசிச்சாச்சு" என்று சீசாவை மறுபடி நீட்டினார்.

எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு நானூறு வாட்-மணி சொச்சம். வயரிலும் பேட்டரியிலும் வீணாகிறதையும் சேர்த்து ஐநூறு என்று வைத்தேன். எங்கள் குளிர்காலத்துச் சூரியன் வேலை செய்கிற சூரியனாக இருப்பது மூன்று மணி நேரம், மிஞ்சினால் நாலு. அதற்கு நூற்றெழுபது வாட் பேனல் போதும். ஆனால் மேகமும் பனியும் நம்மைக் கேட்டா வருகின்றன? முந்நூறாகக் கொடுத்தேன். பேட்டரி, வெயிலே இல்லாமல் இரண்டு ராத்திரி தாங்க வேண்டும். அதிலும் பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்பதால், தேவையைப் போல இரண்டு மடங்கு. இருநூறு ஆம்பியர் பேட்டரி ஒன்று. கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை. என்மேல் எனக்கே பெருமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

முதல் பனி விழுந்ததும் அவர்களுடைய குளிர்காலக் கிடைக்குப் போய் மாட்டிக் கொடுத்தேன். வடக்குக் காற்று படாமல் மலை அடைத்துக்கொண்ட அருமையான இடம். தெற்கே தடையே இல்லை. கெர் கூடாரத்தின் பக்கத்தில் பேனல்களைச் செங்குத்தாக, பனி தங்காமல் சரிகிற மாதிரி நிறுத்தினேன். பேட்டரியைக் கூடாரத்துக்குள் கட்டில் தலைமாட்டில், பலகைமேல் வைத்து, ஹோர்லோ கொடுத்த கம்பளித் துண்டால் சுற்றினேன். கடைசியில் ஒரு சாக்கெட் பட்டையை மாட்டி, மின்சாரம் வருகிறதா என்று பார்க்க என் போனைச் செருகினேன். அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது நான் பாட்டுக்கு உட்கார்ந்து ஆட்டுக்கறி சூப் குடித்தேன். பின்னால் குன்றின் மேலே மோட்டார் சைக்கிள் தடங்கள் ஏறிப் போயிருந்தன. கண்ணில் பட்டது. மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் ஒரு மாதம். வாரத்துக்கு ஒரு முறை, பல்தன் போனில் கிடைக்கும்போது கேட்பேன்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கு."

"மெஷின்?"

"அதுவும் நல்லா இருக்கு."

நான்காவது வாரம் திங்கட்கிழமை சுல்தெம் கடைக்கு வந்தான். குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "சனிக்கிழமை லாரி எடுத்துட்டுப் போறேன்க்கா. அத்தானையும் அக்காவையும் கூட்டிக்கிட்டு, ஆடுங்களையும் ஏத்திக்கிட்டு வந்துடறேன். உங்க பேட்டரியை வேணா நீங்களே திரும்ப எடுத்துக்குங்க."

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"தெரியாதா? விடியக்காலம் நாலு மணிக்கு மெஷின் நின்னுடுதாம். அக்கா முழிச்சு உட்கார்ந்து அவரைக் குத்திக்கிட்டே இருக்கு. பதினெட்டு நாளா அது தூங்கல. நேத்து போன்ல அழுதுச்சு. எங்க அக்கா அழுது நான் கேட்டதே இல்ல."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. யார்மேல் என்று தெரியாத கோபம். மறுநாள் காலையிலேயே வேனைக் கிளப்பிவிட்டேன். வழியெல்லாம் கணக்கையே மனதுக்குள் ஓட்டினேன். பேனலில் பனி மூடியிருக்குமா? வயர் தளர்ந்திருக்குமா? தண்ணீர்ச் சூட்டைப் போட்டுவிட்டார்களா? கிடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, "நாயைப் பிடிங்க!" என்று கத்தினேன். யாரும் பிடிக்கவில்லை. நாய்க்கே சலித்துப் போயிருந்தது, வருகிற போகிற ஆளைப் பார்த்துப் பார்த்து. வாசலில் ஐந்து மோட்டார் சைக்கிள்களும் இரண்டு குதிரைகளும் நின்றன.

உள்ளே போனால் பத்துப் பேர் இருந்தார்கள், தேநீர்க் கிண்ணமும் கையுமாக. தலைமாட்டில் என் சாக்கெட் பட்டையிலிருந்து இன்னொரு பட்டை, அதிலிருந்து இன்னொன்று. அலமாரி நிறையப் போன்கள். எண்ணினேன். பதினேழு. நாலு நெற்றி விளக்குகள். கீழே, கம்பளி சுற்றிய என் பேட்டரியின் காலடியில், இரண்டு மோட்டார் சைக்கிள் பேட்டரிகள், தாயிடம் பால் குடிக்கிற குட்டிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தன.

"இது என்ன?" என்றேன்.

"வா நம்ஜில், தேநீர் குடி" என்றார் பல்தன். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஹோர்லோ சட்டியைக் கிளறிக்கொண்டே கொட்டாவி விட்டாள்.

"தேநீர் இருக்கட்டும். இது என்னன்னு கேட்டேன்."

அங்கே உட்கார்ந்திருந்த ஒருவன்தான் விளக்கினான், பெருமையோடு. இந்தப் பள்ளத்தாக்கிலேயே போன் சிக்னல் கிடைப்பது பின்னாலிருக்கும் அந்தக் குன்றின் மேலேதான். சுற்றிலும் இருபது கிலோமீட்டருக்குப் பேச வேண்டியவர்கள் எல்லாரும் இங்கேதான் வருவார்கள். வந்தால் தேநீர் குடிக்காமல் போக முடியுமா? தேநீர் குடிக்கிற நேரம் போன் சும்மா இருப்பானேன்?

நான் பல்தன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, நான் கடையில கேட்டேனா இல்லையா? போன் எத்தனைன்னு கேட்டேனா?"

"ரெண்டுன்னேன். எங்க வீட்ல ரெண்டுதான்."

"இது?"

"இது வந்தவங்களோடது."

"அதைச் சொல்ல வேணாமா? தினம் இத்தனை பேர் வருவாங்கன்னு ஒரு வார்த்தை!"

அவர் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "வாசலுக்கு வர்ற மனுஷனை எண்ணி எழுதிக்கொடுக்கச் சொல்றியா? இவன் எவ்வளவு குடிப்பான், அவன் எவ்வளவு தின்பான்னு கணக்குப் பாக்கிற வீடா இது?"

பத்துப் பேரும் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ எழுதாதீங்க. ராத்திரி மூச்சு நின்னு போகட்டும். வந்தவங்க எல்லாருமே சாவுக்கும் வந்து நிக்கட்டும், போனும் சார்ஜ் ஏறிடும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஹோர்லோ கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முதல் போன் யாரோடது நம்ஜில்?"

"என்ன?"

"மாட்டின அன்னிக்கு, இவர் மெஷினைச் செருகறதுக்கு முன்னாடி, அந்தப் பட்டையில முதல் போனைச் செருகினது யாரு? எங்களைக் கேட்டா செருகினே?"

யாராவது ஒருவன் சிரித்திருந்தால்கூட நான் திரும்பச் சண்டை போட்டிருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து தேநீர் குடித்தேன். மூன்று கிண்ணமும் குடித்தேன்.

வந்தவர்களுக்கு விஷயமே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொருவராய்ப் போனைப் பிடுங்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அதைப் பார்க்கப் பல்தனுக்குத் தாங்கவில்லை. வாசல் வரை ஓடி, "நாளைக்கு வாங்க, கண்டிப்பா வாங்க" என்று ஒவ்வொருவரையும் கெஞ்சினார். திரும்பி வந்து சொன்னார்: "நாலு ஆட்டை வித்துடறேன். இதைவிடப் பெரிய பேட்டரி ஒண்ணு கொடு. பிரச்சினை தீர்ந்துச்சு."

"தீராது. பெரிசா வச்சா நாப்பது போன் வரும். அதுவும் இந்தக் குளிர்ல முந்நூறு வாட் பேனல் அதை ரொப்பவே ரொப்பாது. ரொம்பாமலே கிடந்தா அந்த பேட்டரியும் போச்சு."

"அப்போ அவங்களை வராதேன்னு சொல்லச் சொல்றியா?"

"நீங்க சொல்ல மாட்டீங்க."

"மாட்டேன்."

"ஹோர்லோக்கா, நீ?"

இத்தனை வாய் இருந்தும், "எனக்கும் வராதும்மா" என்றாள்.

நான் காற்றாட வெளியே போனேன். கோபம் என்மேல்தான் என்று அப்போது நன்றாகவே தெரிந்துவிட்டது. அட்டைப்பெட்டிக் கணக்கு சரி, கேட்ட கேள்விதான் தப்பு. கோபியில் பிறந்து, கோபியில் வளர்ந்து, வீட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. கேட்டாலும் எவனும் சொல்லியிருக்க மாட்டான் என்பது வேறு விஷயம். பட்டியைச் சுற்றி நடந்தேன். ஆட்டுக்குட்டிகளுக்குக் காற்று மறைப்பாக ஒரு மூலையில் என்னவோ கண்ணாடிப் பலகை சாத்தியிருந்தது. சாணியைத் துடைத்துப் பார்த்தால், பழைய ஐம்பது வாட் பேனல்! பல வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் மேய்ச்சல்காரர்களுக்கு மலிவு விலைக்குக் கொடுத்தது, புதியது வந்ததும் இங்கே வந்துவிட்டது. மீட்டரை வைத்தேன். முள் துள்ளியது.

அந்த இடத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேனில் என்னுடைய பழைய கார் பேட்டரி ஒன்று கிடந்தது. கூடாரத்துக் கதவைத் தாண்டியதும் இடப்பக்கம், விருந்தாளிகள் உட்காருகிற பக்கம். அங்கே ஒரு மரப்பெட்டிக்குள் அதை வைத்து, பழைய பேனலிலிருந்து வயரை இழுத்து, சாக்கெட் பட்டைகள் மூன்றையும் அதில் மாட்டினேன். தலைமாட்டுப் பெரிய பேட்டரியில் மெஷினுக்கும் பல்புக்கும் டிவிக்கும் மட்டும் வயர். வீட்டுப் போனுக்கு ஒரே ஒரு துளை, அதுவும் தலையணைக்குப் பின்னால்.

"இனிமே வர்றவங்க எல்லாருக்கும் இந்தப் பெட்டி" என்றேன். "குளிர்காலத்துல ஒரு நாளைக்கு எட்டு போன் ஏறும். எட்டு முடிஞ்சா தானா நின்னுடும். நீங்க யாருக்கும் இல்லைன்னு சொல்ல வேணாம். உங்க வாய் திறக்கவே வேணாம். பெட்டியில இருந்தா எடுத்துக்கட்டும். இல்லைன்னா அது சூரியனோட குத்தம், உங்க குத்தம் இல்ல."

பல்தன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இதுல இருக்கிறது எல்லாமே வர்றவங்களுக்குத்தானே? இதுல எங்களோடது எதுவும் இல்லையே?"

"ஒரு பொட்டு இல்ல."

"அப்போ சரி" என்றார். முகம் தெளிந்துவிட்டது. தேநீர்ச் சட்டி மாதிரி, மூக்குப்பொடி சீசா மாதிரி, விருந்தாளிக்கென்று வைத்த பாத்திரம் காலியானால் வீட்டுக்காரனுக்கு அதில் வெட்கம் இல்லை.

கிளம்பும்போது நான் விரலை நீட்டி எச்சரித்தேன். "இன்னொரு தடவை 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொன்னீங்க, நான் வந்து பேனலைப் பிடுங்கிட்டுப் போயிடுவேன். என்ன குறைன்னு சொல்லணும். குறையைச் சொல்றது பாவமில்ல."

சீசாவை நீட்டினார்.

வியாழக்கிழமை மேகம். வெள்ளிக்கிழமை நாள் முழுக்கப் பனி. கடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெயிலில்லாமல் இரண்டு ராத்திரி தாங்கும் என்று எழுதியது நான். இப்போது அந்த இரண்டு ராத்திரியும் வந்துவிட்டது. போன் போட்டுக் கேட்கப் பயமாக இருந்தது. சனிக்கிழமை இருட்டு பிரிவதற்குள் சுல்தெமின் லாரிக்குப் பின்னாலேயே வேனை ஓட்டிக்கொண்டு போனேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது சூரியன் மலையைத் தாண்டி நன்றாக மேலே வந்துவிட்டது. வானம் பளிச்சென்று இருந்தது. பட்டியில் ஆடுகள் இன்னும் அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தன. இந்த நேரத்துக்கு எந்த மேய்ச்சல்காரனும் அவற்றை உள்ளே வைத்திருக்க மாட்டான். சுல்தெம் லாரியிலிருந்து குதித்து, "நாயைப் பி..." என்று ஆரம்பித்தான்.

கதவைத் திறந்துகொண்டு ஹோர்லோ ஓடிவந்தாள். இரண்டு கையையும் வீசி, "கத்தாதே, கத்தாதே" என்று சைகை காட்டினாள்.

"என்னக்கா? அத்தானுக்கு என்ன?"

"தூங்கறார்."

"இந்நேரத்துக்கா? உடம்பு முடியலையா?"

"தூங்கறார்டா" என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, வாய் சிரித்தது. "மெஷின் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நாலு ராத்திரி ஆச்சு, ஒரு தடவைகூட நிக்கல. நானும் இப்பதான் எழுந்தேன். ஆடு கத்தின சத்தத்துல."

அவள் கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே பதிந்திருந்தது.

சுல்தெம் லாரியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். காலால் பனியை இரண்டு முறை எத்தினான். பிறகு போய்ப் பட்டியைத் திறந்து, லாரிப் பக்கம் திருப்பாமல், ஆடுகளை மேய்ச்சலுக்கு விரட்டினான். நான் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினேன். குளிர்தான்.

பல்தன் எழுந்து வெளியே வந்தபோது முகம் முழுக்கக் கவச வாரின் தடம். பட்டி காலியாக இருப்பதைப் பார்த்து ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார். லாரியைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் காலி. தூரத்தில் சரிவில் ஆடுகள் பரவிக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான் மூச்சை விட்டார்.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

வாயைத் திறந்தார். மூடினார். கை சீசாவைத் தேடியது. என்னைப் பார்த்ததும் நின்றது.

"கவசம் மூக்கை அறுக்குது" என்றார் மெதுவாக. ஹோர்லோ அதிர்ந்து போய்த் திரும்பினாள். "டிவியில படம் சரியில்ல. கதவுப் பக்கத்துப் பல்பு மினுக்கு மினுக்குங்குது. வந்தவங்க பெட்டி நேத்திலேருந்து காலி, ஆறு பேர் சும்மா போனாங்க. சும்மாவும் போகல, சூரியனைத் திட்டிட்டுப் போனாங்க. அப்புறம் அந்த முட்டாப்பய ஆடுங்களை வடக்குச் சரிவுக்கு விரட்டறான், அங்க முழங்கால் வரைக்கும் பனி. டேய் சுல்தெம்! தெக்கால திருப்புடா! தெக்கால!"

கத்திக்கொண்டே குதிரையை அவிழ்த்து ஏறிப் போய்விட்டார். முப்பது வருஷத்துக் குறையையும் அன்றைக்கே சொல்லித் தீர்த்துவிடுவார் போலிருந்தது. அத்தனையும் எனக்குத் தேனாக இனித்தது.

நான் வேனில் ஏறினேன். குளிரில் என் போன் செத்துக் கிடந்தது. ஹோர்லோ அதைக் கவனித்துவிட்டாள்.

"பெட்டி காலியா இருக்கு. கொடு நம்ஜில், தலையணைக்குப் பின்னாடி இருக்கிற துளையில போடறேன். சூப் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஏறிடும்."

"வாயை மூடுக்கா" என்றேன். "எனக்குப் போன் பேச வேண்டிய ஆளு யாருமில்ல."

வழியில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரே வந்தன, குன்றை நோக்கி. கண்ணாடியை இறக்கி, "பெட்டி காலி! மத்தியானத்துக்கு மேல வாங்க!" என்று கத்தினேன். அவர்கள் கையை ஆட்டிவிட்டு நிற்காமல் போனார்கள். தேநீர் இருக்குமே.